ஆறு அளந்த கப்பல்

நுழையும்முன்

கடலில் செல்லும் கப்பலை அறிவோம். ஆற்றைக் கடக்கும் ஓடத்தையும் அறிவோம். ஏறத்தாழ 190 பயணிகள் உண்டு, உறங்கி, நாடுவிட்டு நாடு செல்லும் மாளிகை ஒன்று ஆற்றின்மீது மிதந்து சென்றால் எவ்வாறு இருக்கும்? ஐரோப்பாவின் ரைன், டான்யூப் ஆறுகளில் அத்தகைய சொகுசுக் கப்பல்கள் இயங்குகின்றன. அவற்றுள் ஒன்றை முதன்முறையாகச் சுற்றிப் பார்ப்பவர் காண்பவற்றையும் காணத் தவறுபவற்றையும் எடுத்துரைக்கிறது இப்பாடம்.

இரண்டு ஆறுகள்

சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையில் பிறக்கும் ரைன், ஏறத்தாழ 1,230 கி.மீ. ஓடி வடகடலில் கலக்கிறது. ஜெர்மனியின் கருங்காட்டில் தோன்றும் டான்யூப், பத்து நாடுகள் வழியே ஏறத்தாழ 2,850 கி.மீ. பயணம் செய்து கருங்கடலை அடைகிறது. வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட், பெல்கிரேடு ஆகிய நான்கு தலைநகரங்கள் அதன் கரையில் அமைந்துள்ளன. நகரின் நடுவே ஆறு ஓடுவதால், கப்பலிலிருந்து இறங்கிய சில நிமிடங்களில் பயணி கடைவீதியை அடைந்துவிடலாம். கடற்கப்பலுக்கு வாய்க்காத இந்நெருக்கமே ஆற்றுக்கப்பலின் தனிச்சிறப்பாகும்.

நடைபலகையைக் கடந்து

கரையிலிருந்து நடைபலகை வழியே உள்ளே நுழைபவரை முதலில் வரவேற்பது ஒளி நிறைந்த கூடம். பளபளக்கும் படிக்கட்டு, கண்ணாடிச் சுவர்கள், மெத்தை விரித்த இருக்கைகள் எனப் பெருநகர விடுதியின் சாயலை அங்குக் காணலாம். முன்புறம் ஆற்றைப் பார்த்தவாறு அமர்வதற்கான ஓய்வுக்கூடம். அதற்குக் கீழே அனைவரும் ஒரே வேளையில் உண்ணத்தக்க உணவுக்கூடம். மேலே வெயில் காயவும் காட்சி காணவும் திறந்த மொட்டைத்தளம். மேல்தளத்து அறைகளில் தரைமுதல் கூரைவரை உயர்ந்த கண்ணாடிக் கதவுகள் உள்ளன. கீழ்த்தளத்து அறைகளிலோ நீர்மட்டத்திற்குச் சற்று மேலே சிறிய சன்னல்களே உண்டு. அவற்றைத் திறக்க இயலாது. கட்டணம் குறையக் குறையச் சன்னலும் சிறுத்துவிடுகிறது.

நகரத் துறைகளில் இடம் குறைவு. ஆகவே ஒரு கப்பலை ஒட்டி மற்றொன்றாக இரண்டு மூன்று கப்பல்கள் நிறுத்தப்படுவதுண்டு. அப்போது கரைக்குச் செல்ல அடுத்த கப்பலின் கூடத்தினூடே நடக்கவேண்டும். ஆற்றைக் காண விரும்பிப் பெரிய சன்னலுக்குப் பணம் கொடுத்தவர், காலையில் திரையை விலக்கினால் அண்டைக் கப்பலின் சன்னலைக் காண நேரிடலாம்.

அளவை வகுத்தது யார்?

இக்கப்பல்கள் பலவற்றின் நீளம் 135 மீட்டர், அகலமோ 11.45 மீட்டர்தான். இவ்வளவு நீண்ட கப்பல் இவ்வளவு ஒடுங்கியிருப்பது ஏன்? இவ்வினாவிற்கு விடை கப்பலுக்குள் இல்லை. அது செல்லும் வழியில் உள்ளது. ரைன் ஆற்றின் கிளையாறான மைனையும் டான்யூபையும் இணைக்கும் கால்வாயில் 16 நீர்ப்பூட்டுகள் உள்ளன. ஒவ்வொன்றின் அகலமும் 12 மீட்டர். எனவே கப்பலுக்கும் சுவருக்கும் இடையே ஒவ்வொரு புறமும் ஒரு சாணுக்குச் சற்று மிகுதியான இடைவெளியே எஞ்சும். அந்த இடைவெளியில் இடிபடாமல் 135 மீட்டர் நீளக் கப்பலைச் செலுத்துவதில் மீகாமனின் திறமை வெளிப்படுகிறது.

உயரத்திற்கும் எல்லை உண்டு. பழைய பாலங்கள் தாழ்வானவை. அவற்றை நெருங்கும்போது மொட்டைத்தளத்தின் நிழற்கூரைகள் மடக்கப்படுகின்றன. கைப்பிடிக் கம்பிகள் சாய்க்கப்படுகின்றன. கப்பலைச் செலுத்தும் சுக்கான் அறையே தளத்திற்குள் கீழிறக்கப்படுகிறது. ஆழமும் அவ்வாறே. ஆறு ஆழங்குறைந்தது என்பதால் கப்பலின் அடிப்பகுதி தட்டையாக அமைக்கப்படுகிறது. நீளம், அகலம், உயரம், ஆழம் ஆகிய நான்கையும் ஆறும் அதன்மேல் மனிதர் எழுப்பிய கட்டுமானங்களுமே வகுத்துத் தந்துள்ளன.

நீரில் ஏறும் படிகள்

நீர்ப்பூட்டு என்பது இருபுறமும் கதவுகள் உடைய, கற்காரைச் சுவர்களாலான நீண்ட தொட்டி. மேல்நோக்கிச் செல்லும் கப்பல் தாழ்ந்த மட்டத்தில் தொட்டிக்குள் நுழைந்ததும் பின்கதவு மூடப்படும். மேற்பகுதியிலிருந்து நீர் உள்ளே விடப்படும். நீர் உயர உயரக் கப்பலும் உயரும். மேல்மட்டத்தை எட்டியதும் முன்கதவு திறக்கும். கப்பலைத் தூக்கப் பாரந்தூக்கி எதுவும் இல்லை. நீரே அதனைத் தாங்கி உயர்த்துகிறது. ஹில்போல்ட்ஸ்டைன் என்னுமிடத்தில் உள்ள நீர்ப்பூட்டு, கப்பலை ஒரே முறையில் ஏறத்தாழ 25 மீட்டர் உயர்த்துகிறது. இவ்வாறு படிப்படியாக ஏறும் கப்பல் கடல்மட்டத்திலிருந்து 406 மீட்டர் உயரத்தை அடைந்து, பின்னர் மறுபுறம் இறங்குகிறது.

தெரிந்து தெளிவோம்

ரைன், டான்யூப் ஆறுகளின் நீர்வழிகளை இணைக்கும் கனவு மிகப் பழமையானது. பேரரசர் சார்லமேன் 793இல் இதற்காகக் கால்வாய் வெட்டத் தொடங்கினார். பவேரிய மன்னர் முதலாம் லுட்விக் காலத்தில் வெட்டப்பட்ட கால்வாய் 1846இல் நிறைவுற்றது; அதில் 100 நீர்ப்பூட்டுகள் இருந்தன. இன்றுள்ள 171 கி.மீ. நீளக் கால்வாய் 1992இல் திறக்கப்பட்டது.

கலத்தையும் ஆற்றின் ஆழத்தையும் இணைத்து நோக்கும் பார்வை தமிழிலும் உண்டு. பாய் களையாமலும் பாரம் குறைக்காமலும் பெருங்கலம் புகார்த் துறைக்குள் நுழைந்ததைப் புறநானூற்றின் 30ஆம் பாடல் குறிப்பிடுகிறது.

காட்டப்படாத பகுதி

கப்பலைச் சுற்றிக் காட்டுவோர் வழக்கமாகக் கூடங்களையும் அறைகளையும் காட்டுவர். எந்திர அறையும், பணியாளர் துயிலும் சிற்றறைகளும் பெரும்பாலும் அவ்வழியில் இடம்பெறுவதில்லை. 190 பயணிகளுக்கு ஏறத்தாழ 50 பணியாளர்கள் உள்ளனர். இடம் குறுகிய சமையற்கூடத்தில் மூன்று வேளை உணவும் உருவாகிறது. நள்ளிரவில் நீர்ப்பூட்டை அடையும் கப்பலில், பயணிகள் உறங்கும்போது கயிறு பிடிக்க ஒருவர் விழித்து நிற்கிறார். தாம் உறங்கிய இரவில் கப்பல் எத்தனை படிகள் ஏறியது என்பதைக் காலையில் எழும் பயணி அறியார். அவர் அறியாதிருப்பதையே அப்பணியாளர் தம் வேலையின் நிறைவாகக் கொள்கிறார்.

ஆற்றில் எல்லாரும் ஒரே அளவினர் அல்லர் என்பதையும் மறத்தலாகாது. 2019 மே 29ஆம் நாள் இரவு, மழை பெய்துகொண்டிருந்த வேளையில், புடாபெஸ்ட் நகரின் மார்கரெட் பாலத்தருகே 135 மீட்டர் நீளச் சொகுசுக் கப்பலொன்று சிறிய சுற்றுலாப் படகின்மீது மோதியது. படகு சில நொடிகளில் மூழ்கியது. அதிலிருந்த 35 பேரில் எழுவரே உயிர் தப்பினர். நெரிசல் மிகுந்த ஆற்றில் பெரிய கலத்தைச் செலுத்துவோர்க்குப் பொறுப்பும் பெரிது.

நீர் குறைந்தால்

அனைத்து வசதிகளும் நிறைந்த இக்கப்பல் ஒன்றுக்கு மட்டும் கட்டுப்பட்டது. அஃது ஆற்றின் நீர்மட்டம். 2018 அக்டோபரில் ரைன் ஆற்றின் காவுப் என்னும் ஊரிலுள்ள அளவுகோல் 25 சென்டிமீட்டராகத் தாழ்ந்தது. 2022 கோடை வறட்சியிலும் நீர் வற்றியது. இரண்டாம் உலகப்போரின்போது டான்யூபில் மூழ்கடிக்கப்பட்ட ஜெர்மானியப் போர்க்கப்பல்கள் செர்பியாவின் பிராகோவோ அருகே நீருக்கு மேல் தலைகாட்டின. இத்தகைய காலங்களில் பயணிகள் பேருந்தில் ஏற்றப்பட்டு, ஆழமான பகுதியில் நிற்கும் வேறு கப்பலுக்கு அழைத்துச் செல்லப்படுவதுண்டு. வெள்ளக் காலத்திலோ கப்பல் பாலத்தின்கீழ் நுழைய இயலாது நின்றுவிடும். 2013 சூன் மாதத்தில் பாசாவ் நகரில் டான்யூப் ஏறத்தாழ 12.9 மீட்டர் உயரத்திற்குப் பெருகியது. ஐந்து நூற்றாண்டுகளாக அந்நகரம் கண்டிராத வெள்ளம் அது.

கப்பல் நின்றால் பயணிக்கு இழப்பு ஒரு விடுமுறை. ஆறு வற்றினால் அதையே நம்பி வாழும் சரக்குப் படகோட்டி, உழவர், மீனவர் ஆகியோர் இழப்பது வாழ்வையே. ஆதலின் கப்பலைச் சுற்றிப் பார்ப்பவர் இறுதியாக மொட்டைத்தளத்தில் ஏறி நின்று காணவேண்டியது ஒன்று உண்டு. கரையோரத்துச் சுவர்களில் முந்தைய வெள்ளங்களின் உயரமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். பளிங்குக் கூடத்தைவிட அக்கோடுகள் அவருக்கு மிகுதியாகக் கற்பிக்கும்.

கற்பவை கற்றபின்

1. நீர்ப்பூட்டு இயங்கும் முறையைப் படம் வரைந்து விளக்குக.
2. உங்கள் பகுதியிலுள்ள ஆறு அல்லது ஏரியின் நீர்மட்டம் எவ்வாறு அளக்கப்படுகிறது என்பதைக் கேட்டறிந்து வகுப்பறையில் பகிர்க.
3. 'சுற்றுலா வளர்ச்சியும் ஆற்றின் நலனும்' என்னும் தலைப்பில் இருபுறமும் நின்று கலந்துரையாடுக.