எக்ஸெல்லில் ஒரு சோலார் கணக்கு: மோட்டார் ஹோமில் ஏ.சி. ஓடுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்ஸெல் பழகுவதற்கு மார்க் லிஸ்டும் மளிகைக் கணக்கும் போட்டுப் பார்ப்பது வழக்கம். இந்த மாதம் கொஞ்சம் பெரிய கணக்கு ஒன்றைப் போடுவோம். பெருக்கல், கூட்டல், வகுத்தல் தெரிந்தால் போதும். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமிலும் இதைச் செய்யலாம்.

நம் கணக்குக்கான வீடு ஒரு வண்டி. பஸ் அளவுள்ள வாகனத்திற்குள் படுக்கை, சமையல் மேடை, ஃப்ரிட்ஜ், குளியலறை எல்லாம் இருக்கும். இதை மோட்டார் ஹோம் என்பார்கள். அமெரிக்காவில் ஆர்.வி. என்று சொல்வது வழக்கம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும், லேப்டாப்பிலேயே வேலையை முடித்துவிடக் கூடியவர்களும் மாதக்கணக்கில் இதிலேயே வசிக்கிறார்கள். கட்டணம் செலுத்தித் தங்கும் பார்க்குகளில் மின் இணைப்பு கிடைக்கும். மத்திய அரசுக்குச் சொந்தமான பொது நிலங்களில் பல இடங்களில் 14 நாட்கள் வரை இலவசமாகவே தங்கலாம். ஆனால் அங்கே மின்கம்பம் கிடையாது. கூரை மேல் உள்ள சோலார் பேனலும் உள்ளே உள்ள பேட்டரியும்தான் மின்சார வாரியம்!

அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரப் பகுதியை எடுத்துக் கொள்வோம். 2023ஆம் ஆண்டு ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை தொடர்ந்து 31 நாட்கள் அங்கே வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 43 டிகிரி செல்சியஸை, எட்டியது அல்லது தாண்டியது. அந்த ஜூலையில் பல இரவுகளில்கூட 32 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. பீனிக்ஸ் அடங்கிய மாரிக்கோபா கவுண்டியில் அந்த ஆண்டு வெப்பம் தொடர்பாக 645 பேர் இறந்தனர். வீட்டுக்குள்ளேயே இறந்தவர்களும் இதில் உண்டு. அவர்களில் பலருடைய வீட்டில் ஏ.சி. இருந்தும் அது ஓடவில்லை.

எனவே கேள்வி இதுதான். வெயில் கொளுத்தும் ஊரில் சோலார் மின்சாரமும் தாராளமாகக் கிடைக்குமே, அதை வைத்து ஏ.சி.யை ஓட்டிக் கொள்ள முடியாதா? பதிலை எக்ஸெல் சொல்லட்டும்.

முதல் பகுதி: செலவு

மின்சாரச் செலவை வாட்-மணியில் கணக்கிடுகிறோம். 45 வாட் லேப்டாப் 6 மணி நேரம் ஓடினால் 270 வாட்-மணி. ஆயிரம் வாட்-மணி சேர்ந்தால் நம் மின் கட்டண அட்டையில் வரும் ஒரு யூனிட்.

1. புதிய ஒர்க் ஷீட்டைத் திறக்கவும். முதல் வரிசையில் ஏ, பி, சி, டி ஆகிய நான்கு கட்டங்களில் முறையே கருவி, வாட், மணி நேரம், வாட்-மணி என்று தலைப்புகளை டைப் செய்யவும்.

2. அடுத்தடுத்த வரிசைகளில் இவற்றை நிரப்பவும்:
லேப்டாப்: 45 வாட், 6 மணி
இன்டர்நெட் ரூட்டர்: 10 வாட், 12 மணி
12 வோல்ட் ஃப்ரிட்ஜ்: 50 வாட், 14 மணி
கூரை ஃபேன்: 30 வாட், 14 மணி
எல்.இ.டி. விளக்குகள்: 15 வாட், 4 மணி
தண்ணீர் பம்பு: 60 வாட், 0.5 மணி

3. லேப்டாப் வரிசையில் டி கட்டத்திற்கு வரவும். சமக்குறியைத் தட்டி, 45 உள்ள கட்டத்தைக் கிளிக் செய்யவும். பெருக்கலுக்கான நட்சத்திரக் குறியைத் தட்டி, 6 உள்ள கட்டத்தைக் கிளிக் செய்து என்டர் கொடுக்கவும். 270 என்று விடை வரும்.

4. அந்த விடைக் கட்டத்தை மீண்டும் கிளிக் செய்யவும். அதன் வலது கீழ் மூலையில் சிறு சதுரம் தெரியும். அதை மவுஸால் பிடித்துக் கடைசி வரிசை வரை கீழே இழுக்கவும். மற்ற விடைகள் தாமாகவே வந்துவிடும்.

5. டி காலத்தில் கடைசி விடைக்குக் கீழே உள்ள கட்டத்தில் நின்று, ஆட்டோசம் பட்டனை அழுத்தி என்டர் தட்டவும். மொத்தம் 1,600 வரும்.

ஒரு நாளைய செலவு 1.6 யூனிட். இதில் லேப்டாப்பின் பங்கு ஆறில் ஒரு பங்குதான் என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் ஒரு மறைமுகச் செலவு உண்டு. லேப்டாப் சார்ஜரை இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால் இன்வெர்ட்டரும் மின்சாரம் குடிக்கும். எதுவும் இணைக்காமல் சும்மா இருக்கும்போதே 20 வாட் எடுக்கும் இன்வெர்ட்டரை நாள் முழுவதும் ஆனில் விட்டால் 480 வாட்-மணி போய்விடும். லேப்டாப்பின் செலவையே இது மிஞ்சிவிடுகிறது! யு.எஸ்.பி. சி வழியாக சார்ஜ் ஆகும் லேப்டாப் என்றால், 12 வோல்ட் சாக்கெட்டில் நேரடியாகச் செருகும் சார்ஜர் வாங்கிக் கொண்டு, தேவையில்லாத நேரத்தில் இன்வெர்ட்டரை ஆஃப் செய்துவிடலாம். நம் கணக்கிலும் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

இரண்டாம் பகுதி: வரவு

கூரையில் 600 வாட் பேனல்கள் இருப்பதாக வைத்துக் கொள்வோம். கோடையில் சூரியன் 14 மணி நேரம் தெரிந்தாலும், காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக விழும். அதனால் ஒரு நாளின் வெயிலை எல்லாம் சேர்த்து, எத்தனை மணி நேர முழு வெயிலுக்குச் சமம் என்று கணக்கிடுவார்கள். பீனிக்ஸில் ஜூன் மாதம், கூரையில் படுக்கை வசமாக வைத்த பேனலுக்கு இது சுமார் 8 மணி. வேறு ஊர்களுக்கான அளவு வேண்டுமென்றால், அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆய்வுக்கூடம் உருவாக்கிய பி.வி.வாட்ஸ் என்ற இலவச ஆன்லைன் கால்குலேட்டரில் பார்க்கலாம்.

600ஐ 8ஆல் பெருக்கினால் 4,800. இத்துடன் நிறுத்திவிடக் கூடாது. பேனலின் பின்னால் அச்சிட்டிருக்கும் வாட் அளவு, சோலார் செல் 25 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது அளந்தது. சோலார் செல்லுக்கு வெளிச்சம்தான் உணவு. சூடு அதற்கு எதிரி. 25க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் மின்சாரம் குறையும். 43 டிகிரி வெயிலில், சூடான கூரையில், செல்லின் வெப்பநிலை 70 டிகிரியைத் தொடலாம். 45 டிகிரி கூடுதல் என்றால் சுமார் 16 சதவீத இழப்பு.

இப்போது ஷீட்டில் செலவுப் பட்டியலுக்குக் கீழே ஒரு வரிசையைக் காலியாக விட்டு, ஏ காலத்தில் பெயரும் பி காலத்தில் எண்ணுமாக இவற்றை டைப் செய்யவும்:
பேனல் வாட்: 600
முழு வெயில் மணி: 8
செல்லின் வெப்பநிலை: 70
வெப்பத்திற்குப் பின் மிஞ்சுவது: ஃபார்முலா
தூசி, ஒயர், கன்ட்ரோலர் இழப்புக்குப் பின் மிஞ்சுவது: 0.85
இன்றைய வரவு: ஃபார்முலா

முதல் ஃபார்முலா: வெப்பநிலையிலிருந்து 25ஐக் கழித்து, 0.0035ஆல் பெருக்கி, அதை 1இலிருந்து கழிக்க வேண்டும். கழித்தலை அடைப்புக்குறிக்குள் போட மறக்காதீர்கள். போடாவிட்டால் எக்ஸெல் பெருக்கலை முதலில் செய்து தவறான விடை தரும். சரியான விடை 0.8425. இரண்டாவது ஃபார்முலா: பேனல் வாட், வெயில் மணி, மிஞ்சுவது இரண்டு ஆகிய நான்கையும் பெருக்கவும். விடை சுமார் 3,437.

வரவிலிருந்து செலவு 1,600ஐக் கழித்தால் மீதி 1,837 வாட்-மணி. நல்ல லாபம்தான்!

மூன்றாம் பகுதி: ஏ.சி. ஓடுமா?

மோட்டார் ஹோம் கூரை ஏ.சி. ஓடும்போது சுமார் 1,400 வாட் எடுக்கும். இன்வெர்ட்டர் 90 சதவீதத் திறன் கொண்டது என்றால் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 1,556 வாட் உறிஞ்சும். 1,837ஐ 1,556ஆல் வகுக்கவும். விடை 1.18.

அதாவது 1 மணி 11 நிமிடம். 43 டிகிரி நாளில் ஏ.சி. குறைந்தது 10 மணி நேரமாவது வேண்டும். அதற்கு 600க்குப் பதில் சுமார் 3,000 வாட் பேனல் தேவை. 200 வாட் பேனல் ஒன்று ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் இடத்தை அடைக்கும் என்பதால், கூரையில் 15 சதுர மீட்டர் காலியாக இருக்க வேண்டும். ஏ.சி. யூனிட், ஃபேன், ஜன்னல் எல்லாம் போக அவ்வளவு இடம் பெரும்பாலான வண்டிகளில் இல்லை. சூரியன் மறைந்த பின் ஓட்டுவதற்குப் பெரிய பேட்டரியும் வேண்டும்.

ஃபேனை மட்டும் நம்பலாமா என்றால், அதுவும் ஆபத்து. காற்றின் வெப்பம் 35 டிகிரிக்கு மேல் போய்விட்டால் ஃபேன் சூடான காற்றையே நம் மேல் வீசும். உடல் சூட்டை அது இறக்காது.

சக்கரம் இருக்கிறதே!

இனி, ஷீட்டில் சில எண்களை மட்டும் மாற்றிப் பாருங்கள். எக்ஸெல்லின் உண்மையான பயன் இங்கேதான் தெரியும். பீனிக்ஸ் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வடக்கே ஏறக்குறைய 230 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஃபிளாக்ஸ்டாஃப் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூலையில் பகல் நேர உச்ச வெப்பம் பீனிக்ஸில் சராசரியாக 41 டிகிரி, ஃபிளாக்ஸ்டாஃபில் 28 டிகிரி.

வெப்பநிலைக் கட்டத்தில் 70ஐ அழித்து 55 என்று டைப் செய்யவும். அங்கே பிற்பகலில் இடி மேகங்கள் கூடுவது சகஜம் என்பதால், வெயில் மணியை 8இலிருந்து 6 ஆகக் குறைக்கவும். வரவு 2,739 ஆகும். செலவு போக 1,139 மீதி. ஏ.சி.யே தேவைப்படாத ஊரில் இந்த மீதி போதும். அனுபவமுள்ள மோட்டார் ஹோம்வாசிகள் கோடையில் மலைக்கும் குளிர்காலத்தில் பாலைவனத்திற்கும் இடம் மாறுவது இதனால்தான். போக முடியாதவர்கள் மின் இணைப்புள்ள பார்க்கில் இடம் பிடிப்பதே பாதுகாப்பு.

மழைக்காலக் கணக்கையும் பார்த்துவிடுவோம். அரிசோனாவில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை மான்சூன் பருவம். வெயில் மணியை 2.5 என்றும், செல் வெப்பநிலையை 45 என்றும் மாற்றினால் வரவு 1,186. இப்போது 414 வாட்-மணி பற்றாக்குறை. இதையும் இரவுச் செலவையும் சேர்த்துத் தாங்கும் அளவுக்குப் பேட்டரி வேண்டும். 12.8 வோல்ட், 100 ஏ.ஹெச். லித்தியம் பேட்டரியில் 1,280 வாட்-மணி அடங்கும். இரவுக்கு 800 போனால் ஒரு பேட்டரியில் மிஞ்சுவது 480தான். அடுத்த நாளும் மேகம் என்றால் தாங்காது. இரண்டு இருந்தால் நிம்மதி.

இந்தப் பருவத்தில் பெரும் தூசிப் புயல்களும் வரும். தூசிப் புயல், திடீர் வெள்ளம் ஆகியவற்றுக்கான எச்சரிக்கைகள் அங்கே செல்போனுக்குத் தாமாகவே வரும். கடும் வெப்ப எச்சரிக்கை அப்படி வராது. தேசிய வானிலைச் சேவையின் இணையதளத்தில் நாமேதான் தினமும் பார்க்க வேண்டும். வண்டி ஓட்டும்போது தூசிப் புயல் சூழ்ந்தால், சாலையை விட்டு முழுவதும் விலகி நிறுத்தி, எல்லா விளக்குகளையும் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். பின்னால் வருபவர் நம் விளக்கைச் சாலை என்று நினைத்துத் தொடர்ந்து வந்து மோதாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. புயல் ஓய்ந்ததும் பேனலைத் துடைக்க மறக்க வேண்டாம்.

லேப்டாப்பைக் காப்பாற்ற

* ஆப்பிள் நிறுவனம் தன் லேப்டாப்பையும் போனையும் 35 டிகிரி வரைதான் பயன்படுத்தச் சொல்கிறது. ஆஃப் செய்து வைத்திருக்கும்போதும் 45 டிகிரி வரைதான். மற்றவற்றுக்கு அவற்றின் கையேட்டைப் பாருங்கள்.
* வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 20 டிகிரிக்கு மேல் சூடு ஏறிவிடும். டாஷ்போர்டில் லேப்டாப், போன், பவர் பேங்க் எதையும் விட்டுச் செல்லாதீர்கள்.
* சூடேறிய லேப்டாப்பை உடனே சார்ஜில் போட வேண்டாம். நிழலில் ஆறவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் உள்ளே நீர்த்துளி படியும்.
* சார்ஜ் தேவைப்படும் வேலைகளைக் காலை 9 முதல் 11 மணிக்குள் முடியுங்கள். பேனலுக்கு வெயில் கிடைக்கும், வண்டிக்குள்ளும் சூடு குறைவு.

வீட்டுப் பயிற்சி

ஷீட்டை சேவ் செய்துவிட்டீர்களா? இதையே உங்கள் வீட்டு இன்வெர்ட்டருக்கும் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட், 150 ஏ.ஹெச். பேட்டரி என்றால் 1,800 வாட்-மணி. லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் 900 என்று வைத்துக் கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் இழப்புக்கு 0.85ஆல் பெருக்குங்கள். ஒரு ஃபேன் 75 வாட், ஒரு எல்.இ.டி. குழல் விளக்கு 20 வாட், மானிட்டருடன் கம்ப்யூட்டர் 150 வாட். கரன்ட் போனால் எத்தனை மணி நேரம் தாக்குப்பிடிக்கும்? விடை 3 மணிக்குச் சற்றுக் கூடுதலாக வந்தால் உங்கள் ஃபார்முலா சரி. அடுத்து, கம்ப்யூட்டருக்குப் பதில் 45 வாட் லேப்டாப் என்று மாற்றிப் பாருங்கள். எவ்வளவு நேரம் கூடுகிறது என்பதை உங்கள் ஷீட்டே சொல்லும்.