நடக்கும் காக்கா எச்சம்

"அம்மா, இங்க வாயேன். காக்கா எச்சம் நடக்குது!"

கொல்லையிலிருந்து மகள் கூப்பிட்டபோது அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. "அப்புறம் வர்றேன்" என்று சொல்ல வாயெடுத்தவள், அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன். அன்று போனது நல்லதாயிற்று.

அதற்கு முந்தைய வருடம், அவள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, பூச்சிகள் பற்றி ஒரு ப்ராஜெக்ட் கொடுத்திருந்தார்கள். கடையில் படத்தாள் வாங்கி, ராத்திரி பதினொரு மணி வரை வெட்டி ஒட்டியதெல்லாம் நான்தான். அவள் பக்கத்திலேயே தூங்கிப்போனாள். சார்ட்டுக்கு ஸ்டார் கிடைத்தது. ஒரு மாதம் கழித்து அதிலிருந்த பூச்சிகளைச் சொல்லச் சொன்னேன். எறும்பு, கொசு என்று இரண்டோடு நின்றுவிட்டாள். அவற்றை அவள் சார்ட் இல்லாமலே அறிந்திருந்தாள்.

அன்று கொல்லையில் மகள் காட்டியது, கறிவேப்பிலைக் கொழுந்தில் இருந்த ஒரு புழு. பழுப்பும் வெள்ளையுமாக, அசல் பறவை எச்சம் போலவே இருக்கும். பறவைகள் ஏமாறட்டும் என்றுதான் அந்த வேஷம். வளர்ந்ததும் பச்சையாகிவிடும். அப்போது தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவட்டைக் கொம்பு ஒன்றை நீட்டும். கூடவே நெடியும் அடிக்கும்.

என் மாமியார், பிள்ளைகளுக்கு அப்பாயி, செடி மொட்டையாகிவிடும் என்று புழுவைத் தட்டிவிடப் போனார். "அப்பாயி, ஒரே ஒரு கிளை மட்டும் குடு" என்று பேத்தி கெஞ்ச, ஒரு கிளை ஒதுக்கப்பட்டது. அந்தக் கிளையில் மொத்தம் ஐந்து புழுக்கள்.

வளர்க்க நினைப்பவர்களுக்கு நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். வாயகன்ற கண்ணாடி பாட்டில் போதும். வாயில் மெல்லிய வேட்டித் துணியை ரப்பர் பேண்டால் கட்டுங்கள். அடியில் செய்தித்தாள் போட்டுத் தினமும் மாற்றுங்கள், எச்சம் அவ்வளவு விழும். புழுவைக் கையால் எடுக்காமல், இருக்கும் இலையோடு எடுத்து வையுங்கள். சாய்வாக ஒரு குச்சி வேண்டும், கூடு கட்ட. முக்கியமாக, கடையில் வாங்கிய கறிவேப்பிலையைப் போடாதீர்கள். ஒரு மழை நாளில் வெளியே போகச் சோம்பி, ஃப்ரிட்ஜில் இருந்ததை நான் போட்டேன். மறுநாள் காலை இரண்டு புழுக்கள் சுருண்டு கிடந்தன. இலையில் மருந்து இருந்திருக்க வேண்டும். மகள் அன்று பள்ளி போகும்வரை என்னோடு பேசவில்லை. "அம்மா போட்ட இலை. 2 செத்துப்போச்சு" என்று நோட்டில் எழுதி வைத்தாள். அழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த நாற்பது பக்க நோட்டுதான் எல்லாவற்றையும் மாற்றியது. தேதி, நீளம், தின்ற இலை, ஒரு படம், இவ்வளவுதான் தினமும். புழுவின் மேல் ஸ்கேலை வைக்க முடியாது என்பதால், நூலைப் பக்கத்தில் நீட்டிப் பிடித்து, பிறகு நூலை அளக்கும் வழியை அவளே கண்டுபிடித்தாள். கடைசியில் 4 செ.மீ. வந்தது. தசமம் எதற்கு என்று வகுப்பில் புரியாதது 2.7க்கும் 3.1க்கும் நடுவே புரிந்துபோயிற்று.

மிச்சம் மூன்றும் கூடாயின. ஒன்று கடைசிவரை திறக்கவில்லை. முதல் கூடு 11ஆம் நாள் காலை திறந்தது. கசங்கிய ஈரத்துணி போல் இறக்கை. "பாவம்மா, விரிச்சு விடவா?" என்றாள். கூடாது; தானாகத் தொங்கி, உடம்பிலிருந்து நீரைச் செலுத்தித்தான் இறக்கை விரிய வேண்டும். அது விரிந்தபோது கறுப்பு. பின் இறக்கையில் வெள்ளைப் புள்ளி வரிசை. இரண்டு நாள் கழித்து வந்ததில் சிவப்புப் புள்ளிகள்! "வேற பூச்சி மாறி வந்துருச்சு" என்று எழுதிவிட்டாள். எனக்கும் விடை தெரியாது. தெரியாது என்றே சொல்லி, நூலகத்தில் சேர்ந்து தேடினோம். இரண்டும் ஒரே இனம், கறிவேப்பிலை அழகி. அதன் பெண்களில் சில, பறவைகள் தின்னாத வேறொரு நச்சுப் பட்டாம்பூச்சியின் நிறத்தைப் போர்த்திக்கொள்கின்றன. எச்ச வேஷம் போட்ட புழு, வளர்ந்தும் வேஷத்தை விடவில்லை!

அந்தத் தேடலில்தான் மரியா சிபில்லா மெரியன் கிடைத்தார். 1647இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்தவர், 13 வயதில் பட்டுப்புழு வளர்த்து வரையத் தொடங்கினார். 52 வயதில் மகளை அழைத்துக்கொண்டு கப்பலேறி சுரினாம் போய், அங்கே பார்த்த பூச்சிகளை வரைந்து 1705இல் புத்தகமாக்கினார். இந்தக் கதையை என் மகள் என்னிடம் எத்தனை முறை கேட்டிருப்பாள் என்று கணக்கில்லை.

நான்காம் வகுப்பு ப்ராஜெக்டுக்குச் சார்ட்டுக்குப் பதிலாக நோட்டைக் கொடுக்கலாமா என்று டீச்சரிடம் நேரில் போய்க் கேட்டேன். உடனே சம்மதித்தார். பெற்றோர்கள் இதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. ப்ராஜெக்ட் எதுவாக இருந்தாலும், பிள்ளை ஏற்கெனவே எதன் முன்னால் நேரம் போவது தெரியாமல் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். சில பிள்ளைகள் பஸ் நம்பர் சேர்க்கும், சில தையல் மெஷினைச் சுற்றி வரும். அங்கேயே அளவும் கணக்கும் எழுத்தும் இருக்கின்றன.

விடுமுறையில் ஸ்ரீரங்கம் மேலூரில் உள்ள வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் போனோம். மற்றவர்கள் பறப்பவற்றைப் பார்க்க, இவள் இலைகளைத் திருப்பித் திருப்பி முட்டை தேடினாள்.

உங்கள் வீட்டில் மருந்தடிக்காத கறிவேப்பிலையோ எலுமிச்சையோ இருந்தால், இந்த வாரம் பிள்ளையோடு போய்க் கொழுந்தைப் பாருங்கள். குண்டூசித் தலை அளவில் மஞ்சளாக ஒன்று ஒட்டியிருந்தால், அந்தக் கிளையை மட்டும் சமையலுக்குப் பறிக்காதீர்கள்.