யூரியா மூட்டைக்கு முன் பயிரைப் பாருங்கள்

அன்புள்ள இளம் விவசாயப் போதனாசிரியருக்கு,

பேராதனையில் மண்ணியல் படித்து, கன்னொறுவையில் பயிற்சியும் முடித்து, முதல் பெரும்போகத்துக்காக வயலில் இறங்கப் போகிறீர்கள். கமக்காரர் எடுத்த எடுப்பில் கேட்பது ஒன்றுதான்: “ஏக்கருக்கு எத்தனை கிலோ யூரியா போடவேணும்?” பரிந்துரை அட்டவணை கையில் இருக்கும். ஆனாலும் பயிர் எவ்வளவு எடுக்கும், எப்போது எடுக்கும் என்பதை விளங்கிக்கொண்ட பிறகே பதில் சொல்லுங்கள்.

இந்தக் கணக்கைப் புறக்கணித்தால் என்ன நடக்கும் என்பதை இலங்கையே அனுபவித்திருக்கிறது. 2021 மே மாதம், சேதனப் பசளைக்கு மாறும் நோக்கில், இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடை தளர்ந்தபோது பெரும்போக விதைப்பு தொடங்கிவிட்டிருந்தது. அந்தப் போகத்தின் நெல் விளைச்சல் முந்திய பெரும்போகத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வீழ்ந்தது.

இதற்காகச் சேதனப் பசளையைப் பழிக்க வேண்டாம். எண்களைப் பாருங்கள். ஒரு தொன் நெல் விளைய, பயிர் சுமார் 15 முதல் 20 கிலோ நைதரசனை உறிஞ்சுகிறது. 50 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 23 கிலோ நைதரசன். அதே அளவு கூட்டெருவில் கிடைக்க, நைதரசன் ஒன்றரை வீதமுள்ள உலர் கூட்டெரு ஒன்றரைத் தொன் வேண்டும். அதிலும் ஒரு பகுதிதான் முதல் போகத்தில் கரைந்து வேருக்கு வரும். இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் நிலையத்தில் 1843 முதல் நடக்கும் கோதுமைப் பரிசோதனையில், எருவிட்ட பாத்தி இரசாயனப் பசளையிட்ட பாத்திக்கு நிகராக விளைந்திருக்கிறது. ஆனால் அங்கே ஆண்டுதோறும் இட்ட தொழுவெரு எக்டயருக்கு 35 தொன். அவ்வளவு எருவுக்கு மாடும் வண்டியும் எங்கே என்பதே இங்குள்ள கேள்வி.

யூரியாவும் இட்டது அத்தனையும் பயிருக்குப் போவதில்லை. தேங்கிய நீரில் அது சில நாட்களில் அமோனியமாகிறது. பகலில் பாசி ஒளித்தொகுப்புச் செய்யும்போது நீரின் காரத்தன்மை உயர்ந்து, நைதரசன் அமோனியா வாயுவாகப் பறக்கிறது. நெல்வயல்களில் இட்ட நைதரசனில் 30 முதல் 40 வீதமே பயிரில் சேர்வது வழக்கம். அதனால்தான் பிரித்துப் போடச் சொல்கிறோம். நாற்று வேர் பிடிக்கும் முன் கொட்டியது வீண். மட்டம் வெடிக்கும்போதும் கதிர் உருவாகும்போதும் கிடைப்பது மணியாகிறது. பூத்த பின் போட்டால் பயன் சொற்பம். அளவு மிஞ்சினால் பயிர் சாயும், எரிபந்தமும் வரும்.

நாட்காட்டியை மட்டும் நம்பாதீர்கள். தாய்த் தண்டை நீளவாக்கில் கிழித்துப் பாருங்கள்; அடியில் ஓரிரு மில்லிமீற்றர் நீளத்தில் வெண்மையான இளங்கதிர் தெரிந்தால், கடைசி மேற்கட்டுப் பசளைக்கு அதுதான் நேரம். முதிர்ந்த இலை நுனியிலிருந்து மஞ்சளானால் நைதரசன் குறைவு. அதன் ஓரம் கருகினால் பொற்றாசியம். இளம் இலை முதலில் வெளிறினால் கந்தகத்தைச் சந்தேகியுங்கள். நட்ட சில வாரங்களில் இலையில் கபிலப் புள்ளிகள் தோன்றி வயல் திட்டுத்திட்டாகக் குட்டைபட்டால் நாகக் (துத்தநாகக்) குறைவு. அங்கே இன்னொரு மூட்டை யூரியா போடுவதில் பயனில்லை.

உங்கள் பிரிவில் ஒரு கமக்காரரின் வயலிலே மூன்று சிறு பாத்திகள் ஒதுக்குங்கள். ஒன்றுக்கு முழுப் பசளை, ஒன்றுக்கு நைதரசன் தவிர்த்தது, மற்றதற்குப் பொற்றாசியம் தவிர்த்தது. இடையில் உறுதியான வரம்பு கட்டுங்கள். தண்ணீர் பாத்தி விட்டுப் பாத்தி பாய்ந்தால் பசளையும் கலந்துவிடும். அறுவடையில் மூன்றையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்தால், அந்த மண் தானாக எவ்வளவு தருகிறது என்பது தெரியும்.

வைக்கோலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நெல் எடுக்கும் பொற்றாசியத்தின் பெரும்பகுதி, ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல், வைக்கோலிலேயே தங்குகிறது. களத்தில் குவித்து எரித்தால் நைதரசன் காற்றோடு போகும். பொற்றாசியம் சாம்பலாக ஒரே இடத்தில் கிடக்கும். வயல் முழுவதும் பரப்பி உழுதுவிடச் செய்யுங்கள். அடுத்த போகம் எம்.ஓ.பி. என்ற பொற்றாசியப் பசளையை வாங்குமுன் அந்த மண்ணைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன் இதே வயல்வரம்பில் நடந்த ஒருவர்