இரும்புக்கை எங்கிருந்து வந்தது?

கேள்வி: காமிக்ஸ் சேகரிக்கும் அளவுக்குத் தீவிர ரசிகன் இல்லை நான். பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் வாங்கிப் படிப்பேன். இரும்புக்கை மாயாவியை முதலில் உருவாக்கியது யார்? உடம்பு மறையும்போது கை மட்டும் ஏன் மறைவதில்லை? (கரூர் வாசகர்)

பதில்: மாயாவி பிறந்தது இங்கிலாந்தில். ஃப்ளீட்வே நிறுவனத்தின் 'வேலியண்ட்' என்ற சிறுவர் வார இதழ் 1962 அக்டோபரில் தொடங்கியது. அதன் முதல் இதழிலிருந்தே மாயாவியின் கதை 'ஸ்டீல் கிளா' என்ற பெயரில் தொடராக வந்தது. எழுதியவர் கென் பல்மர். பிறகு டாம் டல்லி எழுதினார். வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ, ஸ்பெயினின் பார்சிலோனாக்காரர். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் வார இதழ்களுக்கு ஸ்பானிய ஓவியர்கள் பலர் ஏஜென்சிகள் மூலம் படம் வரைந்து அனுப்பினார்கள். அவர்களில் முதல் வரிசைக்காரர் பிளாஸ்கோ. முகத்தில் பாதியை நிழலில் அமிழ்த்தி, மீதிப் பாதியில் பயத்தையோ வெறியையோ காட்டிவிடுவார். கறுப்பு மை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு செய்தவர்கள் மிகக் குறைவு.

கதாநாயகன் லூயிஸ் கிராண்டல், பேராசிரியர் பாரிஞ்சரின் ஆய்வகத்தில் உதவியாளன். விபத்தில் வலது கையை இழந்து, எஃகுக் கை பொருத்திக்கொண்டவன். ஒரு சோதனையின்போது கருவி வெடித்து அவன் உடம்பில் மின்சாரம் பாய்கிறது. உடல் மறைந்துவிடுகிறது, உலோகக் கை மட்டும் அப்படியே தெரிகிறது. கதை சொல்லும் காரணம் இவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கை மறையாமல் இருந்ததற்கு ஓவியம் சார்ந்த காரணம் ஒன்று உண்டு என்பது என் எண்ணம். எச்.ஜி. வெல்ஸ் 1897-இல் கண்ணுக்குத் தெரியாத மனிதனைப் பற்றி நாவல் எழுதினார். நாவலாசிரியருக்கு வார்த்தை போதும். சித்திரக்கதை ஓவியர் என்ன செய்வார்? நாயகன் மறைந்தால் கட்டத்தில் வரைவதற்கு ஆளே இல்லை. எஃகுக் கை அந்தச் சிக்கலைத் தீர்த்துவிடுகிறது. கதவிடுக்கில் ஒரு கை மட்டும் நுழைகிறது, விரல்கள் விரிகின்றன, காவலாளி வாய் பிளந்து நிற்கிறான். நாயகன் எங்கே நிற்கிறான், எந்தப் பக்கம் திரும்புகிறான், கோபமாக இருக்கிறானா என்பதையெல்லாம் அந்த ஐந்து விரல்களே சொல்லியாக வேண்டும். கையிலுள்ள பழைய இதழில் விரல்களை மட்டும் கவனித்துக்கொண்டு பத்துப் பக்கம் புரட்டிப் பாருங்கள். பிளாஸ்கோவின் திறமை அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்று. தொடக்கத்தில் கிராண்டல் நல்லவன் அல்ல. மறையும் சக்தி கிடைத்ததும் திருடுகிறான், நியூயார்க் நகரத்தையே மிரட்டுகிறான். பிறகுதான் திருந்தி, 'நிழல் படை' என்ற உளவு அமைப்பின் ரகசிய ஏஜென்ட் ஆகிறான். மின்சாரம் தொட்டால்தான் மறைய முடியும், மறைந்திருக்கும் நேரத்துக்கும் அளவு உண்டு என்ற கட்டுப்பாடுகளே கதையைக் கடைசிவரை இழுத்துப் பிடித்தன.

தமிழில் 1972-இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'தான். சிவகாசியிலிருந்து வந்தது. வாராவாரம் சில பக்கங்களாக வந்த தொடரை ஒரே புத்தகமாகச் சேர்த்துப் படித்தால், சில பக்கத்துக்கு ஒரு முறை யாராவது பள்ளத்தில் விழுவார்கள், குண்டு வெடிக்கும், சுவர் நெருங்கி வரும். அடுத்த வாரமும் சிறுவனைக் கடைக்கு வரவழைக்கக் கதாசிரியர் வைத்த திருப்பங்கள் அவை. பழைய காமிக்ஸின் மூச்சு வாங்கும் வேகத்துக்கு இந்த வாரத் தவணையே காரணம்.

கேள்வி: லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடரும் சினிமா ஸ்பைடர்மேனும் ஒருவரா? (சாத்தூர் வாசகி)

பதில்: இல்லை. ஸ்பைடர்மேன் 1962-இல் அமெரிக்காவின் மார்வல் நிறுவனம் உருவாக்கியவர். நம் ஸ்பைடர் 1965-இல் பிரிட்டனின் 'லயன்' வார இதழில் வந்தவர். கூர்காதும் வலைத் துப்பாக்கியும் கொண்டு, உலகக் குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தி ஆகக் கிளம்பியவர். பிற்பாடு நல்லவர் பக்கம் வந்தார். முதல் கதைகளை டெட் கோவன் எழுத, ரெக் பன் வரைந்தார். அடுத்து எழுத வந்தவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை ஜோ ஷஸ்டருடன் சேர்ந்து உருவாக்கி, அதன் உரிமையை 1938-இல் வெறும் 130 டாலருக்கு விற்றவர் அவரேதான். அந்த அநியாயத்தை நினைத்தால் இன்றும் மனம் ஆறாது. அதே மனிதரின் கற்பனை ஓர் ஆணவக்கார வில்லன் வழியாகச் சிவகாசிக்கு வந்து, லட்சணமான தமிழ் பேசியதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

கேள்வி: பழைய காமிக்ஸ் தாள் பழுப்பேறி நொறுங்குவது ஏன்? தடுக்க முடியுமா? (திருச்சி வாசகர்)

பதில்: மலிவான நியூஸ்பிரின்ட் தாளில், மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருள் நீக்கப்படாமல் அப்படியே இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுப்பேறும். தாளில் அமிலம் கூடி, நார்கள் அறுந்து நொறுங்கும். பழுப்பை முழுவதும் தடுக்க முடியாது, தாமதப்படுத்தலாம். வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் வையுங்கள். கிழிந்த பக்கத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். அதன் பசை நாளடைவில் மஞ்சளாகி, எழுத்தையும் சேர்த்துக் கெடுத்துவிடும். பத்திரப்படுத்துகிறோம் என்று பூட்டியே வைக்கவும் வேண்டாம். வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளை இருந்தால், கை கழுவிவிட்டு வரச் சொல்லி, ஒரு மாயாவி கதையைக் கொடுங்கள்.