தண்ணியைப் போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கலாமா?

சனிக்கிழமை மத்தியானம் ஏதாவது ஒரு ஆற்றுத்துறையில் நின்று பாருங்கள். கரையில் கழற்றிப் போட்ட சட்டைகள், அவற்றின்மேல் செல்போன்கள். பக்கத்தில் காகிதத் தட்டில் பாதி தின்ற மீன் வறுவல், நாலைந்து பிளாஸ்டிக் டம்ளர்கள், கடித்துக் கிழித்த ஒரு தண்ணீர் பாக்கெட். டம்ளர் கண்ணில் பட்டால் கரையில் கிடக்கிற சட்டைகளை எண்ணுவேன். பிறகு தண்ணீருக்கு மேலே தெரிகிற தலைகளை எண்ணுவேன். இது எனக்குப் பழக்கமாகிப் போனது. இரண்டு எண்ணிக்கையும் பொருந்தும்வரை அந்த இடத்தை விட்டு நகர மனசு வராது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். பொழுதுபோக்காக நீந்தப் போனவர்கள், படகில் போனவர்கள் மூழ்கியதைப் பற்றிய ஆய்வுகளை 2004இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். இறந்தவர்களில் 100க்கு 30 முதல் 70 பேரின் ரத்தத்தில் மது இருந்தது. நம் கரைகளில் அடிக்கடி காதில் விழுகிற சில பேச்சுகளை இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

“எனக்கு நீச்சல் அத்துப்படி”

டென்னிஸ் வில்சன் என்ற பெயர் நம்மில் பலருக்குப் புதிதாக இருக்கலாம். கடலையும் அலைச்சறுக்கையும் பாடியே உலகப் புகழ் பெற்ற ‘பீச் பாய்ஸ்’ என்ற அமெரிக்க இசைக்குழுவின் டிரம்மர் அவர். அந்தக் குழுவைத் தொடங்கியவர்களில் உண்மையாகவே அலைச்சறுக்கு ஆடியவர் அவர் ஒருவர்தான். 1983 டிசம்பர் 28 அன்று லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் உள்ள மரீனா டெல் ரே படகுத்துறையில் பகல் முழுக்கக் குடித்தார். பல வருடங்களுக்கு முன் தன் படகிலிருந்து வீசியெறிந்த பொருள்களைத் தேடி எடுக்கிறேன் என்று மறுபடி மறுபடி முங்கினார். கடைசியாக முங்கியவர் மேலே வரவில்லை. உடல் கிடைத்த இடத்தின் ஆழம் சுமார் 12 அடி. அலை அடிக்கும் கடல்கூட இல்லை, படகுகள் கட்டிக் கிடக்கிற துறை. வயது 39. ரத்தத்தில் மது 0.26 சதவீதம் இருந்தது. இன்று அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் வண்டி ஓட்ட விதித்திருக்கும் வரம்பைப்போல மூன்று மடங்குக்கும் மேல்.

கடலிலேயே வாழ்ந்தவருக்கு 12 அடி தண்ணீரில் அப்படி ஆனது எப்படி என்று கேட்கத் தோன்றும். எது மேல், எது கீழ் என்று மூளைக்குச் சொல்வதில் உட்காதுக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே ஒரு திரவமும், அதற்குள் கூழ் போன்ற ஒரு சிறு மடலும் இருக்கின்றன. சாதாரண நாளில் இரண்டுக்கும் ஒரே அடர்த்தி. குடித்தால் மது அந்த மடலுக்குள் முதலில் ஊறி அதை இலேசாக்கிவிடும். உடனே தலை சுற்றும். குடித்துவிட்டுப் படுத்தால் அறை சுற்றுகிறது என்கிறார்களே, அதற்குக் காரணம் இதுதான். கரையில் இருக்கும்போது கண்ணும் காலும் சேர்ந்து அந்தத் தவறைச் சரிசெய்துவிடும். முங்கிய பிறகு கண் கலங்கல், கால் தரையில் இல்லை, உடம்புக்கு எடையும் தெரியாது. போதாததற்குக் குளிர்ந்த நீர் காதுக்குள் புகுந்து தானும் ஒரு சுற்று சுற்ற வைக்கும். அந்த நிலையில் கீழே போகிறவர் மேலே போவதாக நினைத்துக்கொண்டிருக்கலாம். நீச்சல் தெரிந்தவர் கையை இன்னும் வேகமாகத்தான் வீசுவார்.

தொண்டைக்குள் நீர் பட்டால் இறுகி மூடிக்கொள்வதும் இருமித் தள்ளுவதும் உடம்பின் காவல்காரர்கள். மது அவர்களையும் தூங்க வைக்கும்.

“பீர்தானே, ரெண்டு கிளாஸ்தானே”

பாட்டில் கணக்கு பார்ப்போம். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் சுமார் 41 கிராம் ஆல்கஹால் இருக்கும். 42.8 சதவீத பிராந்தியில் ஒரு கட்டிங், அதாவது 90 மில்லி அடித்தால் உள்ளே போவது சுமார் 30 கிராம். ‘பீர்தானே’ என்று சொல்கிறவர் கட்டிங் அடித்தவரைவிடக் கூடுதலாகக் குடித்திருக்கிறார்.

எவ்வளவு குடித்தால் ஆபத்து தொடங்குகிறது என்பதற்கும் நல்ல ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் மேரிலாந்து, வட கரோலினா மாநிலங்களில் 1990 முதல் 1998 வரை படகில் போய் இறந்த 221 பேரை, அதே நீர்நிலைகளில் பத்திரமாகப் படகில் போய் வந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். 2001இல் முடிவு வெளிவந்தது. 100 மில்லி ரத்தத்தில் வெறும் 10 மில்லிகிராம் மது இருந்தபோதே சாவதற்கான வாய்ப்பு 30 சதவீதம் கூடியிருந்தது. 250 மில்லிகிராம் என்றபோது அது 50 மடங்கைத் தாண்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்டுகிறவருக்குச் சட்டம் வைத்த வரம்பு 30 மில்லிகிராம். அதாவது ரோட்டில் ஊதச் சொன்னால் தப்பித்துவிடுகிற அளவிலேயே தண்ணீரில் ஆபத்து தொடங்கிவிடுகிறது.

தள்ளாடுகிறவரை நண்பர்களே இறங்க விடமாட்டார்கள். நான் பயப்படுவது நன்றாக நிற்கிறவரை, நன்றாகப் பேசுகிறவரை நினைத்துத்தான். மது கால்களின் பலத்தைப் பறிக்கும் முன்பே பயத்தைப் பறித்துவிடும். ‘அங்கே சுழல் இருக்கிறது’, ‘மணல் அள்ளின குழி இருக்கிறது’, ‘இன்றைக்கு அலையின் இழுப்பு சரியில்லை’ என்று உள்ளே ஒரு குரல் சொல்லுமே, அந்தக் குரல் முதல் ரவுண்டிலேயே மங்கத் தொடங்கும். நன்றாக நீந்துகிறவரையும் இத்தனை நாள் கரை சேர்த்தது அந்தக் குரல்தான்.

“ஓட்டுறவர் குடிக்கலையே, நாங்க சும்மா உட்கார்ந்துதானே வர்றோம்”

அதே ஆய்வு இதற்கும் பதில் சொல்லியிருக்கிறது. படகு ஓட்டியவருக்கும் உடன் போனவருக்கும் மதுவால் வந்த ஆபத்து ஒரே அளவுதான். படகு ஓடிக்கொண்டிருந்ததா, சும்மா நின்றதா என்பதிலும் வித்தியாசம் இல்லை. பயணி விழுவதற்குப் படகு எங்கேயும் மோத வேண்டியதில்லை. செல்ஃபிக்கு எழுந்து நிற்பது, கையை அலசக் குனிவது, ஓரமாக நின்று சிறுநீர் கழிப்பது இவற்றில் ஒன்று போதும். நம் பரிசலை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. எந்தப் பக்கம் கனம் சாய்கிறதோ அந்த விளிம்பு தாழும். ஒருவர் தடுமாறினால் எல்லோரும் தண்ணீரில்.

லைஃப் ஜாக்கெட்டைக் குஷன் மாதிரி மடியில் வைத்துக்கொள்வதும் போதையின் வேலைதான். அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கில், படகு விபத்தில் மூழ்கி இறந்தவர்களில் ஐந்துக்கு நான்கு பேருக்குமேல் ஜாக்கெட் போடாதவர்கள். உயிர்போன படகு விபத்துகளில் தெரிந்த காரணங்களில் முதலாவதாக அவர்கள் குறிப்பிடுவதும் மதுவைத்தான்.

“ஒரு குளியல் போட்டா தெளிஞ்சிடும்”

தெளியாது. மதுவை முறிப்பது கல்லீரல். அது மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் முறிக்கும். எலுமிச்சைச் சாறு, மோர், காபி, அருவி எதுவும் அதன் வேகத்தைக் கூட்டாது. ஒரு குவாட்டரில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது என்றால் அது முழுக்க வெளியேற 6 மணி நேரம் முதல் 8, 9 மணி நேரம்வரை ஆகும். லாட்ஜில் இரவு 11 மணிக்கு முடித்துவிட்டு, விடியற்காலை 5 மணிக்குக் குற்றாலத்திலோ ஒகேனக்கல்லிலோ தலையை நனைக்கப் போகிறவர் தெளிந்தவர் என்று நினைக்காதீர்கள். தூக்கம் வேறு கெட்டிருக்கும், உடம்பில் நீர்ச்சத்தும் குறைந்திருக்கும்.

“ரெண்டு மடக்கு உள்ளே போனா குளிராது”

குளிர் தெரியாது என்பது வாஸ்தவம். மது தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக் குழாய்களை விரிக்கும், அதனால் கதகதப்பாக இருக்கும். உள்ளே இருக்க வேண்டிய சூடு தோல் வழியாகத் தண்ணீருக்குப் போய்க்கொண்டிருக்கும். நடுக்கம் என்பது உடம்பு தானே சூடு உண்டாக்கும் வழி. மது அதையும் குறைத்துவிடும்.

“கஞ்சா மூலிகைதானே, மாத்திரை டாக்டர் கொடுத்ததுதானே”

கஞ்சா நேரத்தையும் தூரத்தையும் தப்பாகக் காட்டும். வருகிற அலை எவ்வளவு தள்ளி இருக்கிறது, கரைக்கு இன்னும் எத்தனை வீச்சு என்று கணக்குப் போட வேண்டிய ஒருவருக்கு இவை இரண்டும்தான் வேண்டும். இதயத் துடிப்பையும் அது கூட்டும். மதுவோடு சேர்த்தால் இரண்டின் கெடுதியும் பெருகும். ஊக்க போதை வகைகள் களைப்பை மறைத்துவிடுவதால், உடம்பு ஓய்ந்தது தெரியாமலே கரையிலிருந்து வெகுதூரம் போய்விடுவார்கள். தூக்க மாத்திரை, அலர்ஜி மாத்திரை, படகில் ஏறும்முன் போடும் வாந்தித் தடுப்பு மாத்திரை எல்லாம் மயக்கம் தரக்கூடியவை, ஒரு பெக் சேர்ந்தால் மயக்கம் கூடும்.

ஆழத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ‘ஃபிரண்ட்ஸ்’ தொடரில் நடித்த மேத்யூ பெர்ரி 2023 அக்டோபர் 28 அன்று இறந்தது தன் வீட்டு வெந்நீர்த் தொட்டியில். கெட்டமின் என்ற மருந்தின் தீவிர விளைவே மரணத்துக்குக் காரணம் என்றும், மூழ்கியதும் அதற்குத் துணைபோனது என்றும் பிரேதப் பரிசோதனை சொன்னது. நினைவு தப்பியவருக்கு முழங்கால் தண்ணீரும் கடல்தான்.

ஸ்கூபா போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சுமார் 30 மீட்டர் ஆழத்துக்குமேல் போனால், சுவாசிக்கிற காற்றில் உள்ள நைட்ரஜனே குடித்தது போன்ற மயக்கத்தைத் தரும். முதல் நாள் குடியோடு அங்கே போகக் கூடாது.

“இத்தனை பேர் இருக்கோம், கத்தினா தூக்கிட மாட்டோமா”

மூழ்குகிறவர் பெரும்பாலும் கத்துவதில்லை. மூச்சு இழுக்கவே வாய் போதவில்லை, கத்த எங்கே போவது? கையை உயர்த்தி ஆட்டுவதும் சினிமாவில்தான். கைகள் தாமாகவே பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும், தலை பின்னால் சாயும், வாய் நீர்மட்டத்தில் ஏறி இறங்கும். 20 முதல் 60 விநாடிகளில் முடிந்துவிடும். அதே தண்ணீரில் சிரித்துக்கொண்டிருக்கிற நண்பர்களுக்கு அவர் விளையாடுவதாகவே தோன்றும். தெரிந்த பிறகு குடித்த நண்பர் குதிப்பார். ஒரே இடத்தில் இரண்டு, மூன்று உடல்கள் எடுத்தார்கள் என்ற செய்திகளில் பல இப்படித்தான் ஆனவை.

குதிக்காதீர்கள், வீசுங்கள். வேட்டி, துண்டுகளை முடிச்சுப் போட்ட கயிறு, மூடி இறுக்கிய காலி 20 லிட்டர் தண்ணீர் கேன், நீளக் கழி, எது கிடைக்கிறதோ அது. 108ஐ அழையுங்கள். கரையேற்றியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் வேண்டாம். குடித்தவர் என்றால் வயிற்றில் இருப்பது வெளியே வந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்துக் காற்று ஊதுங்கள். பிறகு மார்பின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல் செய்யுங்கள். மூச்சு இருந்து நினைவு இல்லையென்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். நுரையீரலுக்குள் போன நீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சைச் சிரமப்படுத்தலாம்.

அடுத்த முறை ஆற்றுக்கோ கடலுக்கோ நண்பர்களோடு போகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். குடித்தே ஆக வேண்டும் என்றால், குளித்து முடித்து, தலை துவட்டி, அறைக்குத் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் யாராவது ஒருவர் முன்பே குடித்துவிட்டுச் சட்டையைக் கழற்ற ஆரம்பித்தால், அவர் கையைப் பிடித்து உட்கார வையுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.