வெங்காய சீஸ் பேஸ்ட்ரி: வீட்டில் செய்வதும் விலை போடுவதும்

ஒவ்வொரு வருடமும் ரமழான் நெருங்கும்போது, வீட்டிலிருந்தே சிற்றுண்டி செய்து விற்க விரும்பும் சகோதரிகள் சிலர் என்னிடம் செய்முறை கேட்டு வருவார்கள். எத்தனை கிராம் பட்டர், ஒவனை எத்தனை பாகையில் வைப்பது என்றெல்லாம் கொப்பியில் எழுதிக்கொண்டு போவார்கள். ஒன்றை என்ன விலைக்குக் கொடுப்பது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. நானும் முதல் இரண்டு வருடங்கள் அந்தக் கேள்வியைக் கேட்காமலேயே வியாபாரம் செய்தவள்தான். அதனால் பட்டதையும் இங்கே எழுதுகிறேன். முதலில் செய்முறை.

ரோல்ஸ், கட்லட், பெட்டிஸ் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெங்காயமும் சீஸும் வைத்த பேஸ்ட்ரியை நான் தெரிவு செய்ததற்குக் காரணம் உண்டு. இதில் இறைச்சியும் மீனும் இல்லை. அலுவலகக் கூட்டம், பாடசாலை விழா என்று பல சமூகத்தவரும் கூடுகிற இடத்துக்கு இதைக் கொண்டுபோனால், மாட்டிறைச்சியா என்று யாரும் கேட்டுத் தயங்கத் தேவையில்லை. மேலே முட்டை பூசுவதால் சுத்த சைவம் உண்பவர்களிடம் மட்டும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கென்றால் பால் பூசிச் சுடலாம். நிறம் சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

60 துண்டுகளுக்கான அளவு இது. கோதுமை மா 500 கிராம், உப்பு 10 கிராம், மாவுடன் விரவுவதற்குப் பட்டர் 50 கிராம், ஐஸ் தண்ணீர் 250 மில்லிலீற்றர், தேசிக்காய்ச் சாறு ஒரு மேசைக்கரண்டி. உள்ளே மடிப்பதற்கு வேறாகப் பட்டர் 400 கிராம். கோப்பையால் அளக்காதீர்கள், தராசு ஒன்று வாங்குங்கள். கோப்பையில் மாவை அழுத்தி எடுத்தால் ஒரு நிறை, தளர்வாக எடுத்தால் இன்னொரு நிறை. பின்னால் வரப்போகும் கணக்குக்கும் இந்தத் தராசுதான் அடிப்படை.

மாவையும் உப்பையும் 50 கிராம் பட்டரையும் விரல் நுனியால் விரவி, தண்ணீரையும் தேசிக்காய்ச் சாற்றையும் விட்டு ஒன்றுசேர்க்க வேண்டும். ரொட்டிக்குப் பிசைவது போல அடித்துப் பிசையக் கூடாது. அப்படிச் செய்தால் மா இறுகி, உருட்டும்போது இழுத்துக்கொண்டு மீண்டும் சுருங்கும். ஒன்றுசேர்ந்ததும் பொலித்தீனால் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் அரை மணித்தியாலம் வையுங்கள். 400 கிராம் பட்டரை இரண்டு எண்ணெய்த் தாள்களுக்கு இடையில் வைத்துத் தட்டிச் சதுரமாக்கி, மாவின் நடுவில் வைத்து, நான்கு பக்கமும் கடித உறை மாதிரி மூடுங்கள். பிறகு நீளமாக உருட்டி மூன்றாக மடிப்பது. இது ஒரு மடிப்பு. இப்படி ஆறு மடிப்புகள் வேண்டும். இரண்டு மடிப்புக்கு ஒரு தடவை அரை மணித்தியாலமாவது குளிரில் வைக்க வேண்டும். மூன்று, ஒன்பது, இருபத்தேழு என்று பெருகி, ஆறாவது மடிப்பில் பட்டர் அடுக்குகள் 729 ஆகின்றன.

பேஸ்ட்ரி பொங்குவது இந்த அடுக்குகளால்தான். இதில் ஈஸ்ட் இல்லை, பேக்கிங் பவுடர் இல்லை. ஒவனின் சூட்டில் மாவிலும் பட்டரிலும் உள்ள நீர் ஆவியாகி விரிந்து, ஒவ்வோர் அடுக்கையும் மேலே தள்ளுகிறது. பட்டர் நடுவில் தனி அடுக்காக நின்றால்தான் மா அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரியும். உருட்டும்போதே பட்டர் இளகி மாவுக்குள் இறங்கிவிட்டால் அடுக்கு என்று ஒன்றுமில்லை. பிஸ்கட் மாதிரிக் கனத்த ஒன்றுதான் வரும்.

வெளிநாட்டுச் சமையல் புத்தகத்தைப் பார்த்துச் செய்பவர்கள் நம் நாட்டில் தோற்பது இந்த இடத்தில்தான். பட்டர் 32 முதல் 35 பாகை செல்சியஸுக்குள் முழுதாக உருகிவிடும். கொழும்பிலும் காலியிலும் கல்முனையிலும் பகலில் நம் குசினியின் சூடே ஏறத்தாழ 30 பாகை. ஆகவே மடிப்பு வேலையை ஸுபஹுக்குப் பிறகு, அடுப்பு மூட்டுவதற்கு முன் முடித்துவிடுவேன். உருட்டும் பலகையின் மேல் ஐஸ் தண்ணீர் நிரப்பிய தட்டு ஒன்றைப் பத்து நிமிடம் வைத்து எடுத்து, துடைத்துவிட்டு உருட்டுவேன். உருட்டும்போது பட்டர் பளபளவென்று வெளியே தெரியத் தொடங்கினால் வெறும் மாவைத் தூவிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அப்படியே குளிரில் வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். ஆறு மடிப்பும் முடிந்தபின் ஓர் இரவு முழுவதும் குளிரில் வைப்பது இன்னும் நல்லது.

வெங்காயத்துக்கு வருவோம். பெரிய வெங்காயம் ஒரு கிலோவை மெல்லிசாக அரிந்து, சிறிது உப்புச் சேர்த்து, இளம் சூட்டில் 40 நிமிடமாவது வதக்க வேண்டும். ஒரு கிலோ வெங்காயம் 400 கிராம் அளவுக்கு வற்றி, தேன் நிறத்துக்கு வரும். அவசரப்பட்டு நெருப்பைக் கூட்டினால் ஓரம் கருகும், நடுவில் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர்தான் சுடும்போது பேஸ்ட்ரியின் அடியை நனைத்துக் களியாக்குகிறது. மிளகுத்தூளும் பொடியாக அரிந்த கறிவேப்பிலையும் சேர்த்து இறக்கி, நன்றாக ஆறவிடுங்கள். ஆறிய பின்புதான் துருவிய செடார் சீஸ் 300 கிராமைக் கலக்க வேண்டும். சூட்டோடு கலந்தால் சீஸ் இளகி எண்ணெய் பிரியும்.

சீஸ் வாங்கும்போது ஒரு விடயம். பாலை உறைய வைக்கும் ரெனட் என்ற பொருள் கன்றின் வயிற்றிலிருந்தும் எடுக்கப்படுகிறது, நுண்ணங்கிகளிலிருந்தும் எடுக்கப்படுகிறது. முறைப்படி அறுக்கப்படாத பிராணியின் ரெனட் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. வீட்டுக்குச் சாப்பிடுவதானால் அது உங்கள் தெரிவு. விற்பதானால் வாங்குபவரின் மன நிம்மதியையும் நாம் சேர்த்துத்தான் விற்கிறோம். 2014 முதல் இங்கு ஹலால் சான்றிதழ் வழங்கிவரும் எச்.ஏ.சி. நிறுவனத்தின் முத்திரை உள்ளதையோ, நுண்ணங்கி ரெனட் என்று பொதியில் எழுதியிருப்பதையோ வாங்குவது என் வழக்கம். கேட்பவருக்குக் காட்ட அந்த உறையையும் எடுத்து வைத்திருப்பேன்.

மாவை 3 மில்லிமீற்றர் தடிப்பில் உருட்டி, 7 சென்றிமீற்றர் சதுரங்களாக வெட்ட வேண்டும். கூரான கத்தியை நேராக அழுத்தி வெட்டுங்கள், இழுத்து வெட்டினால் ஓர அடுக்குகள் நசுங்கி ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு சதுரத்திலும் 12 கிராம் அளவு கலவையை வைத்து, முக்கோணமாக மடித்து, ஓரத்தை அழுத்துங்கள். முட்டையை மேற்பரப்பில் மட்டும் பூசுங்கள். வெட்டிய ஓரத்தில் வழிந்தால் அது பசை மாதிரிப் பிடித்து, அந்தப் பக்கம் பொங்காது. சுடுமுன் தட்டோடு 20 நிமிடம் குளிரில் வைத்து, நன்றாகச் சூடேறிய ஒவனில் 200 பாகை செல்சியஸில் 18 முதல் 20 நிமிடம் சுட வேண்டும். முதல் 12 நிமிடத்துக்கு ஒவன் கதவைத் திறக்கவே கூடாது. வெட்டி மிஞ்சிய துண்டுகளை உருண்டையாகப் பிசையாமல் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி உருட்டினால் அதிலும் அடுக்கு ஓரளவு நிற்கும். நான் அவற்றில் எள்ளுக் குச்சி செய்து பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவேன்.

இனிக் கணக்கு.

2022 மார்ச் மாதக் கடைசியில், அந்த வருட ரமழானுக்குச் சில நாட்களே இருந்தபோது, வடிவம் செய்து சுடாத பேஸ்ட்ரிகள் 140 என் உறைகுளிரூட்டியில் இருந்தன. நாட்டில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போன வாரம் அது. பட்டர் ஒழுகி, மா நனைந்து, எல்லாமே பழுதாயின. பிடித்த ஓடர்களுக்கு முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுக்கக் கையில் காசு இல்லை. இரண்டு வருடமாக ஒவ்வொரு வாரமும் ஒழுங்காக விற்றிருந்தேன், எல்லோரும் நன்றாயிருக்கிறது என்று சொன்னார்கள், ஆனால் ஒரு மோசமான வாரத்தைத் தாங்க என் வியாபாரத்தில் ஒன்றுமே சேர்ந்திருக்கவில்லை. தங்கையிடம் கைமாற்று வாங்கித்தான் கொடுத்தேன். அன்றிரவு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கொப்பியை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

என் பிழையை விளக்குவதற்காகச் சில விலைகளை வைத்துக்கொள்வோம். நீங்கள் உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். மா 500 கிராம் 100 ரூபா. பட்டர் ஒரு கிலோ 4,500 ரூபா என்றால் 450 கிராம் 2,025 ரூபா. சீஸ் ஒரு கிலோ 5,000 ரூபா என்றால் 300 கிராம் 1,500 ரூபா. வெங்காயம் 250 ரூபா. மொத்தம் 3,875. அதை 60 ஆல் பிரித்தால் ஒன்று 65 ரூபாவுக்குச் சற்றுக் குறைவு. 75 ரூபாவுக்கு விற்றால் 10 ரூபா இலாபம். நான் போட்டிருந்த கணக்கு முழுவதும் இவ்வளவுதான்.

விட்டுப்போனவற்றைப் பாருங்கள். முட்டை 80 ரூபா. மிளகு, உப்பு, தேசிக்காய், எண்ணெய்த் தாள் 60. ஆறு ஆறாகப் போடும் பெட்டிகள் பத்து, 250. கேஸும் மின்சாரமும் 150. இப்போது மொத்தம் 4,415. அடுத்தது, 60 செய்தால் 60 விற்பதில்லை. ஒன்று வெடித்துவிடும், ஒன்றின் அடி கருகும், ஒன்றைச் சுவை பார்க்கிறோம், ஒன்று பக்கத்து வீட்டுக்குப் போகிறது. நான் ஒரு மாதம் எண்ணிப் பார்த்ததில் என் கையில் விற்பனைக்கு மிஞ்சுவது 56. அப்படியானால் ஒன்றின் அடக்கவிலை ஏறத்தாழ 79 ரூபா. 75க்கு விற்ற ஒவ்வொன்றிலும் நான் 4 ரூபா நட்டப்பட்டிருக்கிறேன். அதிகம் விற்ற வாரங்களில் அதிகம் நட்டப்பட்டிருக்கிறேன். வீட்டுச் செலவுக் காசும் வியாபாரக் காசும் ஒரே பையில் கிடந்ததால் அது கண்ணுக்குத் தெரியவில்லை. பட்டர் வாங்கக் காசு குறைந்தபோதெல்லாம் கணவர் தந்த வீட்டுச் செலவிலிருந்து எடுத்திருக்கிறேன்.

இதில் என் உழைப்பு இன்னும் சேரவில்லை. குளிரில் வைத்துவிட்டுக் காத்திருக்கும் நேரத்தைக் கழித்தால், பிசைவதிலிருந்து பாத்திரம் கழுவும் வரை 4 மணித்தியாலம் போகிறது. மணித்தியாலத்துக்கு 300 ரூபா என்று வைத்தால் 1,200. இதே வேலைக்கு ஒரு பிள்ளையைச் சம்பளத்துக்கு வைத்தால் அந்தக் காசைக் கொடுத்துத்தானே ஆக வேண்டும்? சேர்த்தால் 5,615. ஒன்று 100 ரூபா. ஒவன் பழுதுபார்க்க, மின்சாரம் போன வாரத்தைத் தாங்க, கொஞ்சம் இலாபம் பார்க்க 20 ரூபா. ஆக விலை 120. நான் 75க்கு விற்றுக்கொண்டிருந்த பொருள் இது.

120 ரூபாவைக் கேட்டால் வாங்குவார்களா என்று பயந்தேன். நான் கொடுத்துக்கொண்டிருந்த கடைக்காரர் நேராகவே சொன்னார். "தங்கச்சி, உங்கட சாமான் நல்லம். ஆனா அந்த விலைக்கு இங்க போகாது. பட்டரை விட்டுட்டு பேஸ்ட்ரி மாஜரின் போடுங்களேன், யாருக்குத் தெரியப் போகுது?"

மாஜரின் போடுவது பிழையல்ல. பேஸ்ட்ரிக்கென்று செய்யும் மாஜரின் பட்டரை விடக் கூடிய சூட்டில்தான் உருகும், ஆகவே நம் குசினிச் சூட்டுக்கு அது இலகு. பட்டரை விட மலிவு. வாயில் மெழுகு மாதிரிச் சற்றுப் படியும், பட்டர் மணம் இருக்காது. தொடங்கும் சகோதரிகள் மாஜரினில் பழகுவது புத்திசாலித்தனம் என்றுகூடச் சொல்வேன். ஆனால் பட்டர் பேஸ்ட்ரி என்ற பெயரில் இரண்டு வருடம் கொடுத்ததை, பெயரை மாற்றாமல் உள்ளே மாற்றுவது வேறு விடயம். ரஸூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே நனைந்திருந்ததைக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட சம்பவம் நமக்கெல்லாம் தெரியும். யாருக்குத் தெரியப் போகிறது என்று அவர் கேட்டதும் எனக்கு அந்தக் குவியல்தான் ஞாபகம் வந்தது. அந்தக் கடைக்குக் கொடுப்பதை நிறுத்தினேன். கடையில் விற்காமல் மிஞ்சியது என் தலையில் திரும்பி வருவதும் அத்தோடு நின்றது.

தொடங்க விரும்புபவர்கள் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முதலே கண்டு பேசுங்கள். அவர் தேடி வரும்வரை காத்திருக்க வேண்டாம். குசினியில் எதைத் திருத்த வேண்டும் என்று அவரே சொல்வார். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்துகொண்டால் அலுவலகங்களுக்குப் பில் எழுதிக் கொடுக்கலாம்.

இப்போது நான் புதன்கிழமை இரவு வரை மட்டும் ஓடர் எடுக்கிறேன், பாதிப் பணம் முற்பணம். வியாழன் காலையில் மடிப்பு, வெள்ளி காலையில் சுடுவது, ஜும்ஆவுக்கு முன் கொடுத்து முடிப்பது. உறைகுளிரூட்டியில் ஒரு நாளுக்கு மேல் எதையும் வைப்பதில்லை. விலையைக் கூட்டியபோது பழைய வாடிக்கையாளர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வாங்குவதை விட்டார்கள். மற்றவர்களுக்கு 56 போதவில்லை. ஆகவே மூன்றாவது மாதத்திலிருந்து இரண்டு முறை மா பிசைகிறேன்.