புகழ் பெற்றோரும் உடன் பாடினோரும்

பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையுற்று எதிர்வரும் மற்றொரு பாணனுக்கு வள்ளலின் ஊருக்கு வழிகாட்டுவதை ஆற்றுப்படை நூல்களில் பயின்றிருக்கிறோம். கலைஞனைக் கலைஞனே ஆற்றுப்படுத்தும் இப்பண்பு மேலைநாட்டு மெல்லிசை உலகில் உண்டா என வினவுவோர்க்கு, அமெரிக்கப் பாடகர் பால் சைமன் 1986-இல் வெளியிட்ட 'கிரேஸ்லேண்ட்' இசைத்தொகுப்பை நாம் சுட்டலாம்.

1985-இல் சைமன் தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க் நகருக்குச் சென்றார். அந்நாட்டில் ஜோசப் ஷபலாலாவின் தலைமையில் 'லேடிஸ்மித் பிளாக் மாம்பாசோ' என்னும் குழு பாடிவந்தது. லேடிஸ்மித் என்பது ஷபலாலாவின் ஊர். 'பிளாக்' கருநிற எருதைக் குறிப்பது. மாம்பாசோ என்றால் சூலு மொழியில் கோடரி. இசைக்கருவி எதுவுமின்றி ஆடவர் பலர் கூடிப் பாடும் 'இசிகத்தமியா' இவர்களது மரபு. சுரங்கத் தொழிலாளர் விடுதிகளில் வளர்ந்த கலை அது. காவலர் விழித்துக்கொள்ளாவண்ணம் நுனிக்காலால் அடிவைத்து ஆடியதால் ஆட்டமும் மென்மையாயிற்று என்பர்.

சைமன் இவர்களைக் 'கண்டுபிடித்தார்' என்று எழுதுவோர் உளர். அது பொருந்தாது. 1970-களிலேயே இவர்கள் தம் நாட்டில் இசைத்தட்டுகள் பல வெளியிட்டுப் பெயர் பெற்றிருந்தனர். கடல் கடக்கும் வழிதான் அடைபட்டிருந்தது. நிறவெறி அரசுக்கு எதிராக உலக நாடுகள் மேற்கொண்ட பண்பாட்டுப் புறக்கணிப்பு, கறுப்பினக் கலைஞரின் குரலையும் சேர்த்தே தடுத்தது. சைமன் அப்புறக்கணிப்பை மீறினார் என்ற கண்டனம் எழுந்தது. 1987-இல் இலண்டனில் அவரது நிகழ்ச்சியை எதிர்த்து மறியலும் நடந்தது. விடுதலை இயக்கத்தாரைக் கலந்து பேசியிருக்கலாம் என்பதே நம் கருத்தும்.

ஆயினும் அவர் உடன் பாடியோரை நடத்திய முறை பாராட்டுக்குரியது. ஜோஹன்னஸ்பர்க் இசைக்கலைஞர்க்கு நியூயார்க் சங்க ஊதியத்தைப் போல் மும்மடங்கு வழங்கினார். 'ஹோம்லெஸ்' பாடலின் ஆசிரியர் என ஷபலாலாவின் பெயரையும் தம் பெயரோடு பொறித்தார். இசைத்தட்டில் பெயர் இடம்பெறுவது வெறும் மரியாதைக்கு உரியதன்று. பாடல் ஒலிக்குந்தோறும் வரும் உரிமைத்தொகை அப்பெயரைப் பற்றியே வருகிறது. துணைக்குரல் கொடுத்துவிட்டுக் கூலியோடு திரும்பியோர் எத்தனை பேர்! 1987 முதல் 1989 வரை மைக்கேல் ஜாக்சனின் உலகப் பயணத்தில் பின்பாட்டுப் பாடிய ஷெரில் குரோவுக்கு முகவெளிச்சம் கிடைத்தது. அவரது முதல் இசைத்தொகுப்பு வெளிவர 1993 வரை காத்திருக்க நேர்ந்தது.

தொகுப்பு வெளிவருமுன்பே, 1986 மே திங்களில், சைமன் அக்குழுவினரை அமெரிக்கத் தொலைக்காட்சி மேடையில் தம்முடன் பாடச் செய்தார். அடுத்த ஆண்டு அவர்களுக்கே உரிய 'ஷாகா சூலு' இசைத்தொகுப்பைத் தாமே தயாரித்தளித்தார். அதில் முன்னிற்பவை அவர்தம் குரல்களே. 1988-இல் அதற்குக் கிராமி விருது கிடைத்தது. 1993-இல் நெல்சன் மண்டேலா நோபல் பரிசு பெற ஆஸ்லோ சென்றபோது இக்குழுவினரும் உடன் சென்று பாடினர்.

ஷபலாலா 2020-இல் மறைந்தார். அதற்கு ஈராண்டு முன்னர், அதே 'ஷாகா சூலு'வை அக்குழுவினர் மீண்டும் பாடிப் பதிவு செய்த தொகுப்பு மற்றுமொரு கிராமி விருதினைப் பெற்றிருந்தது. இம்முறை ஷபலாலாவின் மைந்தர்களும் அதில் பாடியிருந்தனர்.